கப்பலேறிய கட்டம்

பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் போகும் சாலையில் பம்மலைத் தாண்டினால் அனகாபுத்தூர். மீனம்பாக்கம் விமான நிலையம் அத்தனை பக்கம் என்பதால், அங்கே பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி தொடர்வது சகஜம். தலைக்கு மேல் விமானம் போய் முடிய வேண்டும். ஊருக்கு ஓரமாக அடையாறு. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதற்குள் கரைந்த ஐந்து நகராட்சிகளில் இதுவும் ஒன்று. இந்தப் பக்கத்துக்காரர்கள் அனகாபுத்தூரைப் பற்றிப் பேசினால் மனை விலையைப் பேசுவார்கள், தண்ணீர் லாரியைப் பேசுவார்கள், 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பேசுவார்கள். குரோம்பேட்டையில் முப்பது வருடமாகக் குடியிருக்கும் நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் குழந்தை பெற்றவள் உடுத்தவும், இறந்தவரின் கட்டிலை அலங்கரிக்கவும் வேண்டியிருந்த துணியை நெய்து அனுப்பிய ஊர்களில் ஒன்று, என் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் போய்விடக்கூடிய தொலைவில்தான் இருக்கிறது என்பது மிகவும் தாமதமாகத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தத் துணிக்கு வியாபாரத்தில் ஒரு நீளமான பெயர்: ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப். சுருக்கமாக ஆர்.எம்.எச்.கே. கைக்குட்டை என்ற சொல்லைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. 36 அங்குலச் சதுரம். அப்படிப் பல சதுரங்கள் வெட்டாமல் ஒரே துணியாக நெய்யப்பட்டு, மடிக்கப்பட்டு, பொதியாகக் கப்பலேறும். அங்கே அதை இடுப்பில் சுற்றினார்கள், தலையில் கட்டினார்கள், தோளில் போட்டார்கள். நம் ஊர்க் கண்ணுக்கு அது ஒரு கைலித் துணி. சிவப்பும் கறுப்பும், நீலமும் மஞ்சளும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கட்டம். பெயரின் முன்னால் ‘ரியல்’ ஒட்டிக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. மான்செஸ்டர் ஆலைகளும் கிளாஸ்கோ நெசவாளர்களும் இதே கட்டத்தைப் பார்த்து நெய்து சந்தைக்கு அனுப்பினார்கள். ஸ்காட்லாந்தில் அப்படி நெய்த துணிக்குப் பெயரே ‘புல்லிகேட்’. நம் பழவேற்காடுதான் அது. மலாய்க்காரர்கள் இன்றும் கட்டம் போட்ட கைலியை ‘காயின் பெலிக்காட்’ என்கிறார்கள். அதுவும் பழவேற்காடுதான். ஊர் மீன்பிடி கிராமமாகிவிட்டது, பெயர் மட்டும் இரண்டு கடல்களுக்கு அப்பால் துணியாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது.

நைஜர் கழிமுகத்தில் வாழும் கலாபாரி மக்கள் இந்த மெட்ராஸ் கட்டத்தை ‘இன்ஜிரி’ என்பார்கள். அவர்களிடம் அது சாதாரண உடுப்பாக நின்றுவிடவில்லை. பிறப்பிலும் இறப்பிலும் அதற்கு இடம் உண்டு. குடும்பத்துப் பெட்டியில் அடுக்கி வைத்து, தலைமுறைக்குத் தலைமுறை கைமாற்றும் சொத்து அது. பெரியவர் ஒருவர் இறந்தால் அந்தப் பெட்டி திறக்கும், கட்டிலின் மேல் துணி அடுக்கடுக்காக ஏறும். இதைவிட வியப்பான ஒன்றும் உண்டு. கலாபாரிப் பெண்கள் நம் கட்டத் துணியை எடுத்து, சவரக்கத்தி முனையால் குறிப்பிட்ட இழைகளை மட்டும் அறுத்து உருவிவிடுவார்கள். பாவிலும் ஊடையிலும் கணக்காக இழை போனதும், பழைய கட்டத்துக்குள்ளிருந்து வலைபோல் மெல்லிய இன்னொரு கோலம் எழும்பும். ‘பெலெத்தே பைட்’ என்று பெயர். அறுத்த துணி என்று பொருள். இங்கே ஒருவர் இழை இழையாகச் சேர்த்தார், அங்கே ஒருத்தி இழை இழையாக எடுத்தாள். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. இரண்டு கைவேலையும் சேர்ந்துதான் அந்தத் துணி முழுமையானது. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வெட்கம் சொல்லி மாளாது. கலாபாரிகள் அந்தத் துணி எந்தக் கரையிலிருந்து வந்தது என்பதை அதன் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். கரையில் இருக்கும் நமக்கு அது எங்கே போயிற்று என்று தெரியாது.

சென்னை என்ற நகரமே துணியால் பிறந்தது என்று சொன்னால் மிகையாகத் தெரியும். ஆனால் 1639இல் பிரான்சிஸ் டே இந்த மணல்மேட்டைத் தேர்ந்தெடுக்க முக்கியமான காரணம், இங்கே துணி மற்ற இடங்களைவிட மலிவாகக் கிடைத்ததுதான். நல்ல துறைமுகம் இல்லை, குடிக்கத் தண்ணீர் சரியில்லை, அலையில் படகு கவிழும். துணி இருந்தது. அதனால் கோட்டை வந்தது. கோட்டைக்குப் பக்கத்திலேயே நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியமர்த்த வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் ஓயாமல் முயன்றார்கள். கவர்னர் காலட் பெயரில் திருவொற்றியூர்ப் பக்கம் காலடிப்பேட்டை எழுந்தது. 1734இல் கூவம் வளைவில் சிந்தாதிரிப்பேட்டை. துணியை வெளுத்து உலர்த்த வண்ணாரப்பேட்டை. நூல் நூற்பவரும் நெய்பவரும் சாயம் போடுபவரும் மட்டும் வந்து குடியேறினால் போதும் என்று கணக்குப் போட்டுக் கட்டிய தெருக்கள் அவை. இன்று சிந்தாதிரிப்பேட்டையில் தறிச் சத்தம் கேட்கப் போனால் உங்களுக்கு வாகன உதிரி பாகங்கள்தான் கிடைக்கும்.

இந்த இடத்தில் ஒரு கசப்பையும் சொல்லிவிட வேண்டும். பாரம்பரியம் பேசுகிறவர்கள் பொதுவாக இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். மெட்ராஸ் துணி லண்டன் போய், அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போனதே, எதற்காக? அங்கே மனிதர்களை விலைக்கு வாங்க. அடிமை வாணிபத்தில் இந்தியத் துணி ஒரு நாணயம்போலப் புழங்கியது. அப்படிக் கப்பலேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கரீபியத் தீவுகளில் அதே கட்டத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டார்கள். மார்த்தினிக், குவாதலூப், டொமினிக்கா, செயின்ட் லூசியா ஆகிய தீவுகளில் பெண்களின் மரபு உடையில் இன்றும் இருக்கும் துணிக்குப் பெயர் ‘மெட்ராஸ்’. நெய்தவனுக்கு இதில் பாவமில்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தரகர் சொன்ன நிறமும் கெஜக் கணக்கும்தான். ஆனால் நம் துணியின் பெருமையைச் சொல்லும்போது அதன் பயணத்தில் பாதியை மட்டும் சொல்வது நேர்மையாகாது.

பிறகு அமெரிக்கக் கதை. இதைச் சொல்லாமல் எந்த மெட்ராஸ் கட்டக் கட்டுரையும் முடிவதில்லை, நானும் விடப்போவதில்லை. 1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற இறக்குமதியாளர் பளிச்சென்ற கட்டத் துணி தேடி இந்தியாவுக்கு வந்தார். பிற்காலத்தில் லீலா ஓட்டல்களைத் தொடங்கிய கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர் அப்போது ஜவுளி ஏற்றுமதியாளர். பத்தாயிரம் கெஜம் பேரமாயிற்று. குளிர்ந்த நீரில் மெதுவாக அலசுங்கள், இல்லையென்றால் சாயம் ஓடும் என்று இங்கே எச்சரித்து அனுப்பினார்களாம். ஜேக்கப்சன் அதை அங்கே சட்டை தைத்து விற்ற புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்காரர்களிடம் சொல்ல மறந்துவிட்டார். அமெரிக்க வீடுகளின் சலவை இயந்திரங்களில் சட்டை மட்டுமா போனது, கூடவே போட்ட வெள்ளைத் துணியெல்லாம் இளஞ்சிவப்பானது. வழக்குப் போடுகிற நிலைமை. அப்போதுதான் யாரோ ஒரு புத்திசாலிக்கு யோசனை வந்தது. ‘செவன்டீன்’ என்ற இளைஞர் பத்திரிகையில், துவைக்கத் துவைக்க நிறம் மாறும் அதிசயத் துணி என்று எழுத வைத்தார்கள். ‘ப்ளீடிங் மெட்ராஸ்’ என்று பெயர் நிலைத்தது. சாயம் ஓடுவது குறை என்றிருந்தது, அதுவே விலை ஏற்றும் குணமாகிவிட்டது. என் அப்பா கட்டிய கைலி ஒன்றும் இதே வேலையைச் செய்து, அம்மாவின் வெள்ளை ரவிக்கைகள் நான்கைப் பாழாக்கியிருக்கிறது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் அதிசயத் துணி இல்லை. அம்மா வைத்த பெயரை இங்கே அச்சிட முடியாது.

கட்டம் போடுவது சுலபம் என்று நினைப்பவர்கள் தறி முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பூ போட்ட துணியில் நெய்த பிறகு சாயத்தைப் பதிக்கலாம். கட்டத்தில் அது முடியாது. நூலாக இருக்கும்போதே நிறம் ஏற்றியாக வேண்டும். சிட்டம் சிட்டமாக நூலைச் சாயத்தில் முக்கி, பிழிந்து, உலர்த்தி, ராட்டையில் சுற்றி, எத்தனை இழை சிவப்புக்கு எத்தனை இழை கறுப்பு என்ற கணக்கில் பாவு ஓட்ட வேண்டும். அந்தப் பாவைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டு, அறுந்த இழைகளைப் பிணைத்து, வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். அதனால்தான் நெசவாளர் தெருக்கள் எங்கேயும் நேராக, அகலமாக இருக்கும். பிறகு குழித்தறியில் உட்கார்ந்து, காலால் மிதித்து, நாடாவைத் தட்டி, பாவின் கணக்கையே ஊடையிலும் நிறம் மாற்றி மாற்றிக் கொண்டுவர வேண்டும். ஒரு இழை கூடினால் சதுரம் நீண்டுவிடும். சிவப்புப் பாவும் கறுப்பு ஊடையும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இரண்டும் இல்லாத மூன்றாவது நிறம் ஒன்று தெரியும். துணியைத் திருப்பிப் பார்த்தால் மறுபக்கமும் அதே தெளிவு. இதில் தறியில் உட்கார்ந்தவருக்குத்தான் கூலி கணக்கு. ராட்டை சுற்றிய மனைவிக்கும் தார் சுற்றிக் கொடுத்த பாட்டிக்கும் தனிக் கூலி எந்தக் காலத்திலும் எழுதப்பட்டதில்லை.

அனகாபுத்தூரில் அப்படித் தெருவெல்லாம் தறி இருந்த காலம் 1970கள் வரை நீடித்தது. சரக்கின் பெரும்பகுதி நைஜீரியாவுக்கு. எழுபதுகளின் பிற்பகுதியில் நைஜீரிய அரசு அயல்நாட்டுத் துணி இறக்குமதிக்குத் தடை போட்டது. கடல் கடந்து ஒரு மேசையில் போட்ட கையெழுத்து, அடையாற்றங்கரையில் தறிகளை நிறுத்தியது. பெரியவர்களிடம் கேட்டால் இப்படித்தான் சொல்வார்கள்: ஆர்டர் நின்றது, கூலி நின்றது, ஆட்கள் கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போனார்கள்.

இதற்கு நைஜீரியாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடூனாவிலும் லாகோசிலும் அவர்கள் சொந்த ஆலைகள் வைத்திருந்தார்கள். தங்கள் தொழிலாளிக்கு வேலை வேண்டும் என்று அயல் துணியைத் தடுத்தார்கள். நாம் அதற்குச் சுதேசி என்று பெயர் வைத்துக் கொண்டாடுகிறோம். 1905 ஆகஸ்ட் 7இல் கல்கத்தாவில் அயல் துணி வேண்டாம் என்று தீர்மானம் போட்ட நாளைத்தான் 2015 முதல் தேசியக் கைத்தறி நாள் என்று கடைப்பிடிக்கிறோம். அந்த முதல் கைத்தறி நாள் விழா நடந்தது சென்னைப் பல்கலைக்கழக நூற்றாண்டு மண்டபத்தில். பிரதமரே வந்து தொடங்கி வைத்தார். ஒருவரின் சுதேசி இன்னொரு ஊரின் தறியை நிறுத்தும் என்பதை அந்த மேடையில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். நான் சொல்ல வருவது வேறு. ஒரே ஒரு தூரதேசத்து வாடிக்கையாளரை நம்பி ஒரு ஊர் முழுவதும் நெய்துகொண்டிருந்தது. அந்த வாடிக்கையாளர் போனபோது, பத்து மைல் சுற்றளவில் இருந்த லட்சக்கணக்கான வீடுகளில் ஒன்றுகூட அந்த இடத்துக்கு வரவில்லை. கைலி கட்டாத வீடா தாம்பரத்தில் இருந்தது? துண்டு போடாத ஆளா பல்லாவரத்தில் இருந்தார்?

கைலி கட்டினோம். ஆனால் அது விசைத்தறிக் கைலியாக மாறிவிட்டது. சட்டப்படி இது நடந்திருக்கக் கூடாது. கைத்தறிக்கென்று சில வகைத் துணிகளை ஒதுக்கும் சட்டம் 1985இல் வந்தது. ஆரம்பத்தில் 22 வகைகள். 1996இல் அதை 11 ஆகக் குறைத்தார்கள். குறைத்த பட்டியலிலும் சேலை, வேட்டி, துண்டு, லுங்கி எல்லாம் இருக்கின்றன. உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்றுதான் சொன்னது. சட்டம் அப்படியே இருக்கிறது. கடையில் போய்க் கைத்தறி லுங்கி கேட்டுப் பாருங்கள், விற்பனைப் பையன் உங்களை ஏற இறங்கப் பார்ப்பான். விசைத்தறி நெய்பவரும் நம்மைப் போல் வயிற்றுப் பிழைப்புக்காரர்தான், அவரோடு எனக்குச் சண்டை கிடையாது. அவர் நெய்ததைக் கைத்தறி என்று முத்திரை குத்தி விற்பவரிடம்தான் சண்டை. அதைக் கண்டுபிடிக்க வேண்டிய அதிகாரியிடமும்.

நைஜீரியா ஒரு காரணம், விசைத்தறி ஒரு காரணம். மூன்றாவது காரணம் இந்தப் புறநகரே. குரோம்பேட்டைக்குப் பெயர் வந்தது 1912இல் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால். பிறகு பல்லாவரம், பம்மல், நாகல்கேணிப் பக்கம் தோல் பதனிடும் தொழில் பெருகி, நிலத்தடி நீரைக் கெடுத்தது. சாயம் போட நல்ல தண்ணீர் வேண்டும் என்பதை நெசவுக் குடும்பத்தில் பிறந்த குழந்தையும் சொல்லும். 1984இல் தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதி மண்டலம் வந்தது. மெப்ஸ் என்று ஊரே சொல்லும். உள்ளே ஆயத்த ஆடை தைக்கும் நிறுவனங்களும் இருந்தன. இதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. மாதம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., வேலைக்கு வண்டி என்று ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும்போது, ராட்டை முன்னால் உட்கார் என்று அவளிடம் சொல்ல யாருக்கு உரிமை? மனை விலை ஏறியதும் தறிக்குழி மூடப்பட்டு, அதன்மேல் வாடகைக்கு விடும் அறை எழுந்தது. கணக்குப் பார்த்தால் அந்த வாடகை, தறி தந்த கூலியைவிட அதிகம். அந்தக் குடும்பம் எடுத்த முடிவு சரியான முடிவு.

ஆனாலும் கொஞ்சம் பேர் தறியை விடவில்லை. அவர்கள் கண்டுபிடித்த வழிதான் அனகாபுத்தூரைப் பத்திரிகைகளில் மறுபடி கொண்டுவந்தது. பருத்தி நூலோடு விசைத்தறியிடம் போட்டி போட முடியாது என்று தெரிந்ததும், இந்தப் பக்கத்து விசைத்தறி தொடாத நாருக்குப் போனார்கள். சணல், வாழைநார், அன்னாசி நார், கற்றாழை நார் என்று ஒவ்வொன்றாகத் தறியில் ஏற்றினார்கள். அனகாபுத்தூர் சணல் நெசவாளர் சங்கத்தின் சி. சேகர் இந்த முயற்சியின் முகமாக அறியப்பட்டவர். தறிகளில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

வாழைநார் நெசவு எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை தெரியுமா? தார் வெட்டியதும் வாழைமரம் குப்பைதான். அந்த மரத்தின் மட்டைகளை உரித்து, சதையை வழித்து எடுத்தால் நார் வரும். காயவைத்து, விரலால் பிரித்து, தலைமுடி போன்ற மெல்லிய இழையாக்க வேண்டும். பருத்தியைப் போல இதை எளிதில் முறுக்கி நூற்க முடியாது. மரத்தின் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் இழையின் நீளம். ஆகவே ஒரு இழையின் நுனியில் அடுத்த இழையை முடிச்சுப் போட்டு, அதன் நுனியில் இன்னொன்று, இப்படி ஒரு சேலைக்கு முடிச்சுகள் ஆயிரக்கணக்கில் போகும். முடிச்சு பெரிதானால் துணியில் முட்டும், சிறிதானால் நாடா ஓடும்போது அவிழும். பாவுக்குப் பருத்தியோ பட்டோ கொடுத்துவிட்டு, இந்த நாரை ஊடையாக ஓட்டுகிறார்கள். கிடைக்கும் துணியில் பட்டின் பளபளப்பும் இல்லை, பருத்தியின் மந்தமும் இல்லை. வெயிலில் பார்த்தால் நெல் காய்ந்த நிறத்தில் ஒரு மினுக்கு. வெட்டிப் போட்ட வாழைமரத்துக்கு இதைவிட மரியாதை வேறு யார் செய்தார்கள்?

இருபத்தைந்து வகை இயற்கை நார்களைக் கொண்டு இவர்கள் நெய்த சேலை லிம்கா சாதனை நூலில் ஏறியது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குள் ஒரு சங்கடம். இவர்களின் அப்பாக்கள் சாதனை எதுவும் செய்யவில்லை. தினமும் ஒரே கட்டத்தை நெய்தார்கள், வார முடிவில் கூலி வாங்கினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். ஒரு தொழில் உயிரோடு இருப்பதற்கு அடையாளம் அதில் உள்ள சலிப்பு. சாதாரணத் துணியை வாங்க ஆள் இல்லாமல் போனபோதுதான் அதிசயத் துணியை நெய்து கவனத்தை ஈர்க்க வேண்டியதாயிற்று. தச்சர் கதவு செய்து பிழைக்க முடியாமல், அரிசி மணியில் தேர் செதுக்கிக் காட்டுவதைப் போன்ற நிலைமை இது. செதுக்கியதற்குக் கை தட்டுவோம். கதவை யாரிடம் வாங்கினோம் என்று யாரும் கேட்பதில்லை.

நம் ஜவுளிப் பாரம்பரியப் பேச்சே பட்டின் மேல்தான் நிற்கிறது. காஞ்சிபுரம், ஆரணி, திருபுவனம் என்று புவிசார் குறியீடு வாங்கிய பட்டியலை ஒப்பிக்கிறோம். கல்யாணத்துக்கு ஒரு நாள் கட்டும் சேலைக்கு அத்தனை பேச்சு. வருடம் முழுவதும் உடம்பில் கிடக்கும் கைலிக்கும் துண்டுக்கும் போர்வைக்கும் பேச்சே கிடையாது. அனகாபுத்தூருக்கு அடுத்த குன்றத்தூரிலும் பட்டுத் தறி உண்டு. அவர்கள் நெய்ததும் காஞ்சிப் பட்டு என்ற பெயரில்தான் கடைக்குப் போகும். ஊர்ப்பெயர் ஒரு முத்திரை. முத்திரை இல்லாத ஊர் நெசவாளி இன்னொரு ஊரின் பெயருக்கு உழைக்கிறார்.

இந்தப் பேச்சுக்கும் நிஜத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 2019-20இல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறித் தொழிலில் இருப்போர் 35 லட்சத்துச் சொச்சம். பத்து வருடத்துக்கு முந்தைய கணக்கில் 43 லட்சம். இருப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நெசவாளர் குடும்பங்களின் மாத வருமானம் ஐயாயிரம் ரூபாய்க்கும் கீழே. தாம்பரத்தில் ஒற்றை அறைக்கு இந்தப் பணத்தில் வாடகை கொடுக்க முடியுமா என்று வீட்டுத் தரகரிடம் கேட்டுப் பாருங்கள். இந்தக் கணக்கு வெளிவந்த பிறகாவது ஏதாவது நடந்ததா? 2020 ஜூலையில் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்தார்கள். நெசவாளர் பிரதிநிதிகள் மத்திய அரசின் முன்னால் உட்கார்ந்து பேச இருந்த ஓர் இடம், ஆகஸ்ட் 7 வருவதற்குச் சுமார் பத்து நாள் முன்பு இல்லாமல் போனது.

தமிழ்நாட்டு அரசியலுக்குக் கைத்தறி புதிதல்ல. நெசவாளர் பட்டினிக்கு எதிராக 1953 ஜனவரியில் அண்ணா திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து விற்றார். அதே காலத்தில் முதல்வராக இருந்த ராஜாஜி, வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று டெல்லியோடு மல்லுக்கு நின்றார். எதிரெதிர்த் துருவங்கள் இருவரும் ஒப்புக்கொண்ட அபூர்வமான விஷயம் அது. 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் இன்றும் இருக்கிறது. கைத்தறி நெசவாளருக்கு இலவச மின்சாரம் 2023இல் 300 யூனிட்டாக உயர்ந்தது. இவை எல்லாம் நல்லவை. ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில் இருப்பவருக்குப் போகும் உதவி, தனியாக ஒற்றைத் தறி வைத்திருக்கும் புறநகர்ப் பெண்ணிடம் வந்து சேர்வதில்லை. அவளுக்கு வேண்டியது மானியத்துக்கும் முன்னால் ஒன்று: நெய்ததை வாங்க ஓர் ஆள்.

அந்த ஆள் தாம்பரத்திலேயே இருக்கிறார் என்பதுதான் என் வாதம். மாநகராட்சிக்கு 70 வார்டுகள். அதன் சுகாதார நிலையங்களுக்கு விரிப்பு வேண்டும், துண்டு வேண்டும். மன்றக் கூட்டங்களிலும் விழாக்களிலும் வருகிறவருக்கெல்லாம் பாலியஸ்டர் சால்வை போர்த்துகிறார்கள். போர்த்திக்கொண்டவர் வீட்டில் அது எங்கே போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். அந்தச் சால்வைக்குப் பதில் அனகாபுத்தூர்த் துண்டு ஒன்று என்று மன்றம் ஒரு தீர்மானம் போடட்டும். வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்தது. தென்மாவட்டம் போகிற ஜனம் அத்தனையும் அங்கேதான் ஏறி இறங்குகிறது. இரவுப் பேருந்தில் போகிறவனுக்கு ஒரு துண்டும் போர்வையும் எப்போதும் தேவை. அங்கே நூறு சதுர அடிக் கடை ஒன்றை வாடகை இல்லாமல் இந்த நெசவாளர்களுக்குக் கொடுக்க எந்தச் சட்டமும் தடையாக நிற்காது. மீனம்பாக்கத்தில் இறங்கும் நைஜீரியப் பயணி ஒருவர், தன் பாட்டியின் பெட்டியில் பார்த்த கட்டத்தை விமான நிலையக் கடையில் பார்த்தால் என்ன செய்வார் என்று நான் கற்பனை செய்வதுண்டு. அதை நெய்த ஊர், அவர் இறங்கிய ஓடுபாதையின் ஓரத்திலேயே இருக்கிறது என்று சொல்ல அங்கே ஒரு பலகை வேண்டும்.

புதிதாக அருங்காட்சியகம் எதுவும் கட்டிவிட வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் தறி வைத்தால் அடுத்தது மின்விளக்கு, அதற்கடுத்தது நுழைவுச்சீட்டு; நெசவாளர் வெளியே வரிசையில் நிற்பார். வெள்ளத்தில் முழுகாத உயரத்தில் பத்துத் தறி போடப் பொதுக்கூடம், மழைக்காலத்தில் பாவு நீட்ட ஒரு கொட்டகை, சாயக் கழிவைச் சுத்திகரிக்க ஒரு தொட்டி: இவ்வளவுதான் கேட்கிறேன். குழித்தறி உள்ள வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் முதலில் நிறைவது தறிக்குழிதான் என்பது 2015க்குப் பிறகு இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

வாசகருக்கும் ஒரு வேலை வைக்கிறேன். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ தி.நகர் நெரிசலில் போய் மாட்டிக்கொள்ளுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல்லாவரத்தில் பேருந்து ஏறுங்கள். அனகாபுத்தூரில் இறங்கி, தறி எங்கே இருக்கிறது என்று யாரிடமாவது கேளுங்கள். மூன்றாவது ஆளுக்காவது தெரிந்திருக்கும். சேலை வாங்க வசதி இல்லையென்றால் ஒரு துண்டு கேட்டுப் பாருங்கள். விலை கடைத் துண்டைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். பேரம் பேச வேண்டாம்.